சோழன் கோயிலைத் தேடி மெர்போக் போகிறவர்களுக்கு

பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேரை மலேசியாவின் கெடா மாநிலத்தில், மெர்போக்கில் இருக்கும் லெம்பா பூஜாங் (பூஜாங் பள்ளத்தாக்கு) தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகவேண்டும், அரை நாள் போதுமா என்பது கேள்வியின் முதல் வரி. உண்மையான கேள்வி அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. "அது ராஜேந்திர சோழன் கட்டிய கோயில் என்று மாமனார் சொல்கிறார். போன வருஷம் போய் வந்தவர்களோ வெறும் கல்லுதான் கிடக்கிறது என்கிறார்கள். பிள்ளைகளிடம் என்ன சொல்வது?" அரை நாள் தாராளமாகப் போதும். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் மாமனார் சொன்னதைக் கேட்டுப் போகிறவர்கள்தான் வெறும் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

முதலில் சோழன். 1025ஆம் ஆண்டை ஒட்டி முதலாம் ராஜேந்திரன் கடல் கடந்து படை அனுப்பினான் என்பதில் ஐயம் இல்லை. கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அவன் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தி, ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம் என்று வரிசையாகச் சொல்லிக் கடாரத்தில் வந்து முடிகிறது. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும் அது சொல்கிறது. கடாரம் என்பது இன்றைய கெடா என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். ஆனால் இவை எல்லாம் தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களில் இருக்கும் சான்றுகள். மெர்போக்கில், பூஜாங் பள்ளத்தாக்கில், ராஜேந்திரன் பெயரையோ வேறு எந்தச் சோழன் பெயரையோ சொல்லும் ஒரு கல் இதுவரை கிடைக்கவில்லை. தமிழ்க் கல்வெட்டே அங்கிருந்து ஒன்றும் வெளியாகவில்லை. தாய்லாந்துப் பகுதியில் தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பெயரோடு. சுமத்ராவில் பாரூஸ் பக்கம் லோபு துவாவில் 1088இல் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்த கல்வெட்டு இருக்கிறது. நடுவில் இருக்கும் கெடாவில்தான் இல்லை. ஆகவே "ராஜேந்திரன் கட்டினான்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். படையெடுத்து வந்தவன் ஊரைப் பிடித்தான் என்பதற்குச் சான்று இருக்கிறது, கோயில் கட்டினான் என்பதற்கு இல்லை. இதை மாமனாரிடம் சொல்வது உங்கள் சாமர்த்தியம்.

அவருக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம். தமிழர்க்கும் இந்தக் கரைக்கும் உள்ள தொடர்பு சோழன் படையோடு தொடங்கியது கிடையாது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து அங்காடியில் குவிந்த பண்டங்களைச் சொல்லும்போது காழகத்து ஆக்கம் என்று ஒன்றைச் சொல்கிறது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். உரைகாரர் பல நூற்றாண்டு பிந்தியவர் என்பதால் அது ஒரு நல்ல ஊகம், அவ்வளவுதான். அதைவிட உறுதியானது ஆனைமங்கலச் செப்பேடு. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான் என்று அதில் இருக்கிறது. படை போவதற்கு 20 ஆண்டு முன்னால் கடாரத்தான் நம் ஊரில் கோயில் கட்டியிருக்கிறான். பிள்ளைகளுக்குச் சொல்ல இது நல்ல கதை, பொய்யும் இல்லை.

இனி அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அருங்காட்சியகம் ஜெராய் மலை அடிவாரத்தில், மெர்போக் பட்டணத்திலிருந்து பிரிந்து உள்ளே ஏறும் சாலையின் முடிவில் இருக்கிறது. காட்சிக் கூடத்துக்குப் பின்னால் படி ஏறினால் மெர்போக் கெச்சில் ஆற்றின் கரையில் சண்டி புக்கிட் பத்து பஹாட். மலாயில் சண்டி என்றால் பழங்கோயில், பத்து பஹாட் என்றால் உளியால் செதுக்கிய கல். வளாகத்தில் இருக்கும் கோயில்களில் இது ஒன்றுதான் தான் பிறந்த இடத்திலேயே நிற்கிறது. தொல்லியலாளர்களான குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் 1936–37இல் இந்தப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ முப்பது இடங்களைத் தோண்டி எண் கொடுத்தார்கள், அதில் இது 8ஆம் எண். பிறகு 1959–60இல் அலஸ்டர் லாம்ப் என்ற ஆய்வாளர் முழுமையாக அகழ்ந்து, சிதறிக் கிடந்த கற்களை அடுக்கி அடித்தளத்தை மீண்டும் நிறுத்தினார். இன்று நீங்கள் பார்ப்பது அந்த அடித்தளம் மட்டும். கோபுரம், சிகரம், சிலை என்று எதிர்பார்த்துப் போனால் வெறும் கல்தான் தெரியும்.

வாசல் பக்கமாக நின்று பாருங்கள். முன்னால் தாழ்ந்த மேடை, பின்னால் உயர்ந்த சதுர மேடை, இரண்டும் ஒரே கோட்டில். முன்னது மண்டபம், பின்னது விமானம். நம் தோட்டத்துக் கோயிலில் முன் மண்டபத்தில் நின்று கருவறையைப் பார்க்கிறோமே, அதே அமைப்பு. மண்டபத் தரையில் கால் முழம் அரை முழம் உயரத்துக்குக் குட்டையான கற்கள் வரிசையாக நிற்கும். பிள்ளைகள் அதை உட்காரும் கல் என்று நினைத்து ஏறி உட்காருவார்கள். அவை தூண்களைத் தாங்கிய அடிக்கற்கள். தூண் மரம், அது மக்கிப் போய்விட்டது, கல் மட்டும் மிச்சம். இந்த வெயிலிலும் மழையிலும் மரம் ஆயிரம் வருஷம் நிற்காது. தூண் இருந்த இடம் உறுதி, மேலே கூரை இருந்ததும் உறுதி, அந்தக் கூரை ஓடா ஓலையா பலகையா என்பது அந்தக் கல்லைப் பார்த்துச் சொல்லமுடியாது. ஒரு வரிசையில் எத்தனை கல், கல்லுக்குக் கல் எத்தனை அடி என்று பிள்ளைகளை எண்ணி வரையச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் மண்டபம் அவர்கள் தாளில் எழுந்துவிடும். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

காலம் பற்றிப் பலகையில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் தள்ளி நின்று படியுங்கள். வேல்ஸ் இதை 7, 8ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனார், லாம்ப் இன்னும் பிந்தியது என்றார். கல்லுக்கு நேரடியாகக் காலக் கணக்கு போடமுடியாது, கல்லோடு கிடைத்த பொருளை வைத்துத்தான் சொல்கிறார்கள், அந்தப் பொருள் முன்பே இருந்த பழைய பொருளாக இருக்கலாம். "ஆயிரம் வருஷத்துக் கோயில்" என்று பொதுவாகச் சொன்னால் சண்டைக்கு யாரும் வரமாட்டார்கள்.

லாம்ப் அடித்தளத்துக்குள் கண்டெடுத்த கருங்கல் பேழைகளைக் கூடத்தில் தேடிப் பாருங்கள். சின்னக் கல், அதில் குழிகள், குழிக்குள் செப்புக் கலம், மணிக்கற்கள், பொன் தகட்டுத் துண்டுகள். இதை விளக்க அகராதி வேண்டாம். வீடு கட்டும்போது நிலைவாசல் வைக்கிற அன்றைக்கு அடியில் நவரத்தினமும் பஞ்சலோகமும் மஞ்சள் துணியில் முடிந்து போடுகிறோம். அதே எண்ணம்தான், இங்கே கல்லில் செய்திருக்கிறார்கள். ஆகமத்தில் கர்ப்பந்நியாசம் என்பார்கள். ஆனால் இதை வைத்து உடனே "சைவக் கோயில்தான்" என்று முடிவுகட்டவேண்டாம். இலங்கையில் பௌத்த விகாரங்களிலும் சிலைக்கு அடியில் குழிக்கல் வைக்கும் வழக்கம் இருந்தது. இந்தக் கோயிலைச் சைவம் என்று சொல்வதற்குக் காரணம் மண்டபமும் விமானமுமான அமைப்பும், பள்ளத்தாக்கில் பிற இடங்களில் கிடைத்த பிள்ளையார், மகிஷாசுரமர்த்தினி, ஆவுடையார் போன்றவையும் சேர்ந்த கணிப்பு. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கருவறையில் இருந்த மூர்த்தி எது என்பதற்கு மட்டும் சான்று கைக்குக் கிடைக்கவில்லை.

வளாகத்தில் இன்னும் சில கோயில்கள் நிற்கும். சண்டி பெண்டியாட், சண்டி பெண்டாங் டாலாம், சண்டி பெங்கலான் பூஜாங். இவை கீழே வயலிலும் மலாய்க் கம்பத்திலும் (கிராமத்திலும்) இருந்தவை, அங்கிருந்து பெயர்த்து எடுத்துவந்து இங்கே மறுபடி கட்டியவை. இதைச் சொல்லாமல் விட்டால், ஒரே மலையில் நாலைந்து கோயில் நெருக்கமாகக் கட்டினார்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். மேலே மலையில் கருங்கல், கீழே சமவெளியில் செங்கல்லும் செம்பாறாங்கல்லும் என்று பார்த்தால் காரணம் தானே விளங்கும். மலையில் ஆற்றில் கருங்கல் உருண்டு கிடக்கிறது, சமவெளியில் களிமண்தான் கிடைக்கும். செம்பாறாங்கல்லுக்கு ஒரு வசதி உண்டு. நிலத்துக்கு அடியில் இருக்கும்போது மண்வெட்டிக்கு இசையும் அளவுக்கு மென்மை, வெட்டி எடுத்துக் காற்றில் வைத்தால் இறுகிவிடும். செங்கல் உடைந்த இடத்தில் நடுப்பகுதி கறுத்திருந்தால் அது சூளையில் முழுதாக வேகாத கல். இரண்டு கல்லுக்கு நடுவில் சிமெண்ட் பூசியிருப்பது கண்ணில் பட்டால், அந்தப் பூச்சு நம் காலத்தது. இதைக் கண்டுபிடிக்கிற பிள்ளையைப் பாராட்டுங்கள், கண் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கூடத்துக்குள் பெரிய சிலைகளைத் தேடி ஓடாமல் மணிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டி முன் நில்லுங்கள். மிளகு அளவு, கடுகு அளவு கண்ணாடி மணிகள், செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். புதுச்சேரி பக்கத்துப் பழந்துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைக்கும் அதே வகை. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்கியவை. ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோனால் சொந்தமாகச் சோதிக்கலாம். மணியின் உடம்பில் இருக்கும் கோடும் குமிழியும் துளை போகும் திசையிலேயே நீண்டிருந்தால் இழுத்துச் செய்த மணி. துளையைச் சுற்றி வட்டமாக ஓடினால் கம்பியில் சுற்றிச் செய்த மணி. கோலா மூடா பக்கம் சுங்கை மாஸில் இந்த மணிகளை வாங்கி விற்றது மட்டுமல்லாமல் அங்கேயே செய்தும் இருக்கிறார்கள் என்பது அங்கு கிடைத்த கண்ணாடிக் கழிவிலிருந்து தெரிகிறது. தொழில் தெரிந்த ஆட்கள் வந்து தங்கி உலை வைத்திருக்கிறார்கள், அல்லது உள்ளூர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டில் எது என்று மணி சொல்லாது.

பக்கத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் இருக்கும். பாசிப் பச்சை மெருகு போட்டவை சோங், யுவான் அரசுகளின் காலத்தவை, ஏறத்தாழ 960 முதல் 1368 வரை. பெங்கலான் பூஜாங் துறையில் இவை மூட்டை மூட்டையாகக் கிடைத்தன, கூடவே மத்தியக் கிழக்குக் கண்ணாடிப் பாத்திரத் துண்டுகளும். மேற்கேயிருந்து வந்த கப்பலும் கிழக்கேயிருந்து வந்த கப்பலும் இங்கே சந்தித்தன. 1,217 மீட்டர் உயர ஜெராய் கடலில் வெகுதூரத்துக்குத் தெரியும், மாலுமிக்கு அது கலங்கரை விளக்கம். ஒரு பருவக்காற்றில் வந்தவர்கள் மறு பருவக்காற்று வீசும் வரை மாதக்கணக்கில் கரையில் காத்திருக்கவேண்டும். காத்திருந்த வணிகனுக்குக் கும்பிட ஒரு கோயில் வேண்டியிருந்தது. இந்தச் சின்னக் கோயில்கள் அரசன் கட்டிய அளவில் இல்லாமல் வணிகக் கூட்டம் கட்டும் அளவில் இருப்பதற்கு இது பொருத்தமான விளக்கம் என்பது என் கருத்து. கல்வெட்டு ஆதாரம் கேட்டால் கொடுக்கமுடியாது.

கல்வெட்டுப் படிகள் முன்னால் நிற்கும்போது "பல்லவ எழுத்து" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பல்லவன் ஆண்டான் என்று சொல்லிவிடாதீர்கள். அது எழுத்து முறைக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர். மொழி சமஸ்கிருதம், பெரும்பாலும் பௌத்த வாசகம். 1834இல் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் லோ பினாங்கின் செபராங் பிறையில் கண்டெடுத்த புத்தகுப்தன் கல்வெட்டை எல்லோரும் சொல்வார்கள். 5ஆம் நூற்றாண்டு, ஒரு பெருமாலுமி தன் பயணம் நல்லபடி முடிய வேண்டிக்கொண்டு வைத்தது. அவன் ஊர் ரக்தமிருத்திகை, செம்மண் ஊர் என்று பொருள், வங்காளத்தில் இருக்கிறது என்பது பலரும் ஏற்ற முடிவு. அசல் கல் கொல்கத்தாவில் இருக்கிறது. ஆகப் பள்ளத்தாக்கின் முற்காலம் பௌத்தம், 10ஆம் நூற்றாண்டை ஒட்டிச் சைவம் மேலெழுகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரிசை. யான் பக்கம் புக்கிட் சோராஸில் 2023இலிருந்து யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) செய்துவரும் அகழாய்வில் சுதையாலான புத்தர் உருவங்கள் வந்திருக்கின்றன, வரிசை இன்னும் மாறலாம். எழுத்து வடிவத்தை வைத்துக் காலம் கணிப்பது தனிப் படிப்பு. என் வேலை பானை ஓடும் மணியும்தான், ஆகவே எழுத்தில் மற்றவர் சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். மெர்போக் அருங்காட்சியகம் வேறு, செமிலிங் பக்கம் செம்பனைக்கு நடுவில் இருக்கும் சுங்கை பத்து அகழாய்வு இடம் வேறு. ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டையும் பார்த்ததாக நினைப்பவர்கள் நிறைய. சுங்கை பத்து இரும்பு உருக்கிய ஊர். யூஎஸ்எம் குழு 2009 வாக்கில் தொடங்கித் தோண்டிய இடம், ஆற்றுத் துறைகளும் உலைகளும் செங்கல் வழிபாட்டு மேடையும் வெளிவந்தன. அங்கே தரையில் பாருங்கள், உடைந்த களிமண் குழாய்கள் ஏராளமாகக் கிடக்கும், நடுவில் துளையோடு. துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்திய ஊதுகுழாய்கள் அவை. ஒரு முனை கண்ணாடி மாதிரி உருகிக் கறுத்திருக்கும், அதுதான் நெருப்புக்குள் இருந்த முனை. பழைய உலையில் 1,200 டிகிரி அளவு சூடு கிடைக்கும். இரும்பு உருக 1,538 வேண்டும். ஆகவே இரும்பு உருகாமல் கடற்பஞ்சு மாதிரிக் கட்டியாக நிற்கும், அழுக்குதான் உருகி வழியும். அந்த வழிந்த அழுக்கு, கிட்டம், கறுப்பாக, குமிழ் குமிழாக, கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கும்.

அங்கே விளம்பரப் பலகைகளில் கி.மு. 6ஆம் நூற்றாண்டு, தென்கிழக்காசியாவிலேயே பழைய நாகரிகம் என்றெல்லாம் இருக்கும். கரித்துண்டை வைத்துக் கணக்கிட்ட காலம் அது. கரி சொல்வது மரம் வளர்ந்த காலத்தை, உலை எரிந்த காலத்தை நேரடியாகச் சொல்லாது. இருநூறு வருஷ மரத்தின் நடுவயிரத்தை எரித்தால் கணக்கு இருநூறு வருஷம் முன்னே போகும். அதனால் மிகப் பழைய தேதிகளை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டுகளில் அங்கே இரும்பு பெருமளவில் உருக்கப்பட்டது என்ற அளவில் சொன்னால் பாதுகாப்பு.

பயணத்துக்கு வருவோம். கெடாவில் வாரவிடுமுறை வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை நடுப்பகல் தொழுகை நேரத்தைத் தவிருங்கள். காலை 9 மணிக்கு வாசலில் நிற்கிற மாதிரி, பசியாறிவிட்டே கிளம்புங்கள். கூடத்தை விட்டுவிட்டு நேரே மேலே ஏறுங்கள். ஜெராய் மலை பிற்பகலில் மழையை இழுக்கும், மழை விழுந்தால் பாசி பிடித்த படி வழுக்கும், சிலிப்பர் போட்ட பிள்ளை விழும். மேலே ஒரு மணி நேரம், மற்றக் கோயில்களுக்கு அரை மணி, கூடத்துக்கு ஒன்றரை மணி. கூடம் சிறியது, முப்பது பேரும் ஒன்றாக நுழைந்தால் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் தெரியாது. பத்துப் பத்தாகப் பிரித்து, ஒரு குழு உள்ளே இருக்கும்போது மற்றவை வெளியே செங்கல் பார்க்கட்டும். பெயர்ப் பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் தமிழ்ப் பெயர்களை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல், அடிக்கோல், பென்சில், கொசு மருந்து. ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது, ஒரு பெரியவர் அந்தப் பக்கமே நிற்கட்டும், மேலே மழை பெய்தால் தண்ணீர் சட்டென்று ஏறும். மதியத்துக்கு முன் முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் சுங்கை பத்துவில் முக்கால் மணி நேரம் நின்றால் ஒரே நாளில் இரண்டும் முடியும். அங்கே நிழல் குறைவு, தொப்பி வேண்டும்.

கிளம்புமுன் ஒரு கண்டிப்பு. ஓடோ கிட்டமோ செங்கல் துண்டோ ஒன்றையும் பையில் போடக்கூடாது. எந்த இடத்தில் எந்த ஆழத்தில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் அது வெறும் ஓடு. உங்கள் தோட்டத்திலேயே கான் (வடிகால்) வெட்டும்போதோ கன்று நடும்போதோ அடுக்கிய பழஞ்செங்கல் தட்டுப்பட்டால், 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரியிடம் தெரிவிக்கவேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் எண் கொடுக்கப்பட்ட இடங்களில் பல தனியார் தோட்ட நிலத்தில்தான் இருக்கின்றன. வேல்ஸ் கணக்கில் 11ஆம் எண் கோயில் அப்படி ஒரு நிலத்தில் இருந்தது. நிலத்தைச் சமப்படுத்தும் வேலையில் அது இடிக்கப்பட்டுவிட்டது என்பது 2013 டிசம்பரில்தான் வெளியே தெரிந்தது. செங்கல் தட்டுப்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்தி, எடுக்காமல், பக்கத்தில் ஒரு அடிக்கோலை வைத்துப் படம் பிடித்து, நம்பர் போட்ட செம்பனை மரத்திலிருந்து எத்தனை அடி என்று குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.